34 ஏசி, ஐந்துக்கு மட்டும் பணம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: திருச்சியில் மூன்று மாடி அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மொத்தம் 34 ஸ்பிளிட் ஏசிகள். 26 ஒன்றரை டன், 8 இரண்டு டன். எல்லாமே 2012-க்கும் 2017-க்கும் இடையில் வாங்கியவை. கடந்த ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 23,000 யூனிட் பில் வந்திருக்கிறது. எல்லா ஏசியையும் 24 டிகிரியில் வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. வைத்தால் புழுங்குகிறது என்று ஊழியர்கள் குறைத்துவிடுகிறார்கள். பராமரிப்பு ஒப்பந்ததாரர், மொத்தத்தையும் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியாக (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகம் மாறும் வகை) மாற்றினால்தான் பில் இறங்கும் என்கிறார். இந்த நிதியாண்டில் ஐந்து ஏசிக்குத்தான் ஒதுக்கீடு. சர்வர் ரூம் ஏசி இரண்டும் இரவு பகலாக 18-ல் ஓடுகின்றன, அவற்றைத் தொட முடியாது. மற்றவற்றில் எந்த ஐந்தை மாற்றுவது?

பதில்: தொட முடியாது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்களே, அந்த சர்வர் ரூமிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஊழியர்கள் உட்காரும் ஒரு பிரிவில் ஓடும் பழைய ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 1.6 கிலோவாட் இழுக்கும். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 240 வேலை நாள், அதில் முக்கால்வாசி நேரம் கம்ப்ரசர் ஓடுகிறது என்று கொண்டால் 2,300 யூனிட். சர்வர் ரூமில் இரண்டு மெஷினும் சேர்ந்து சராசரியாக 2.5 கிலோவாட் இழுத்தால்கூட, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கு 21,900 யூனிட் ஆகிவிடுகிறது. அந்த ஓர் அறை ஒன்பது பிரிவு ஏசிகளுக்குச் சமம். நீங்கள் மாற்ற நினைத்த ஐந்து மெஷினும் பிரிவுகளுக்குப் போயிருந்தால், இந்த அறை அப்படியே தின்றுகொண்டிருக்கும்.

2.5 என்பது என் உத்தேசம். உங்கள் கட்டடத்தின் உண்மையான எண்ணை மின்வாரிய மீட்டரே சொல்லும். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் போனபின் 6.30 மணிக்கு மீட்டரில் கிலோவாட் அவர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை 9.30-க்கு, யாரும் சுவிட்சைத் தொடுமுன், மறுபடி குறியுங்கள். இடைப்பட்டது 63 மணி நேரம். மீட்டர் பெட்டியில் பெருக்கல் எண் எழுதியிருந்தால் வித்தியாசத்தை அதனால் பெருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு 'சனி ஞாயிறில் ஒன்றுமே ஓடவில்லை' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. 250 யூனிட் வந்தால், ஆளில்லாத கட்டடம் சராசரியாக 4 கிலோவாட் இழுக்கிறது என்று பொருள். வாரத்தில் 123 மணி நேரம் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 25,000 யூனிட்டுக்கு மேல், ஒரு கோப்பும் நகராமல் போகிறது. 4 கிலோவாட்டில் எவ்வளவு ஏசி, எவ்வளவு மற்றவை என்பதை எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பிரித்துவிடலாம்.

சர்வர் ரூமை என்ன செய்வது

முதலில் பயத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். 18 டிகிரி இருந்தால்தான் சர்வர் பிழைக்கும் என்பது பழைய காலத்து நம்பிக்கை. கணினிக் கருவிகளுக்குள் நுழையும் காற்று 18-லிருந்து 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பதுதான் இன்று உலகெங்கும் டேட்டா சென்டர்களில் பின்பற்றும் வரம்பு. அந்த அறையில் குளிர்ச்சி உண்மையிலேயே தேவைப்படும் பொருள் யு.பி.எஸ். பேட்டரி. பராமரிப்பு தேவைப்படாத மூடிய பேட்டரிகளுக்கு 25 டிகிரி உகந்தது. அதற்கு மேல் ஏறக்குறைய 10 டிகிரி தொடர்ந்து கூடினால் ஆயுள் பாதியாகும். ஆகவே 25-ல் வையுங்கள். 18-க்கு இறக்குவதால் பேட்டரிக்கும் லாபம் இல்லை, சர்வருக்கும் லாபம் இல்லை.

அடுத்து, அந்த அறையில் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று பாருங்கள். யு.பி.எஸ்.ஸின் முகப்புத் திரையில் லோடு வாட்டில் காட்டும். சாதாரணமாக மாவட்ட அலுவலகங்களில் ஒன்றிரண்டு சர்வர், நெட்வொர்க் சுவிட்சுகள் எல்லாம் சேர்த்து ஒன்று ஒன்றரை கிலோவாட்டைத் தாண்டாது. ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒன்றரை கிலோவாட் வெப்பத்துக்கு மூன்று, நான்கு டன் ஏசி எதற்கு? சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வரும் வெப்பத்தைச் சேர்த்தாலும் ஓர் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் தாராளம். உங்கள் ஐந்தில் முதல் இரண்டும் இங்கே வர வேண்டும்: ஒன்று ஓட, ஒன்று ஓய்வில். இரண்டையும் வாரம் மாற்றி ஓட்ட டைமர் கிடைக்கும். இல்லையென்றால் திங்கள்தோறும் ஒருவர் மாற்றிவிட்டுப் பதிவேட்டில் எழுதலாம். அறை 30 டிகிரியைத் தாண்டினால் அலறும் சிறிய வெப்பநிலை அலாரம் ஒன்றை இரவுக் காவலர் காதில் விழும் இடத்தில் வைத்துவிட்டால், 'மெஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது' என்ற கேள்விக்கும் பதில் ஆகிவிடும்.

மெஷின் வருமுன் செய்ய வேண்டியது: அந்த அறையில் வெயில் படும் ஜன்னல் இருந்தால் வெப்பத்தைத் தடுக்கும், தீப்பற்றாத அட்டை வைத்து அடையுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் கேபிள் போக வெட்டிய ஓட்டைகளை மூடுங்கள். பழைய பதிவேடுகளையும் அட்டைப் பெட்டிகளையும் வெளியே எடுங்கள். தீப் பாதுகாப்புக்காகவும் இதைச் செய்தே ஆக வேண்டும். இவ்வளவும் செய்து 25-ல் வைத்தால் அந்த அறையின் ஏசிச் செலவு சராசரி ஒரு கிலோவாட்டுக்குள் வந்துவிடும். ஆண்டுக்கு 13,000 யூனிட் மிச்சம். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்து 17 ஆயிரம். இரண்டு மெஷினின் விலையும் ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது.

இதே பணத்தை ஒரு பிரிவில் போட்டால்? 2,300 யூனிட் தின்னும் மெஷினை 5 ஸ்டாராக மாற்றினால் மிஞ்சுவது ஏறக்குறைய 900 யூனிட், 8,100 ரூபாய். நிறுவும் செலவோடு 45,000 ரூபாய் என்றால் ஐந்தரை ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் சொன்னது பொய்யில்லை, வரிசைதான் தலைகீழ். எந்த மெஷின் அதிக மணி நேரம் ஓடுகிறதோ அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எது பழையது, யார் அறை என்பதெல்லாம் பிறகு. சர்வர் ரூம் போக மீதி மூன்றையும் கட்டுப்பாட்டு அறை, இரவிலும் ஆள் இருக்கும் அறை, காலை எட்டுக்கே திறந்துவிடும் சேவை மையம் என்று தேடிப் பாருங்கள்.

24-ல் ஏன் புழுங்குகிறது

ஊழியர்கள் பொய் சொல்லவில்லை. ரிமோட்டில் 24 என்று இருக்கிறது. அவர்கள் மேசையில் 24 இல்லை. 500 ரூபாய்க்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. மதியம் 3 மணிக்குக் கடைசி மேசையில் வைத்துப் பாருங்கள், 27, 28 காட்டும். இண்டோர் யூனிட்டின் சென்சார் ஏழெட்டு அடி உயரத்தில், மெஷின் காற்றை இழுக்கும் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உதவியாளரின் புழுக்கம் அதற்குத் தெரியாது.

எரிசக்தித் திறன் பணியகம் ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்று சொல்வது சரிதான். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் எல்லாம் 24-ஐ இயல்பு அளவாக வைத்தே வருகின்றன. ஆனால் அந்த 6 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வைத்த அளவை அறை எட்டி, கம்ப்ரசர் நிற்க வேண்டும். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் நின்று நின்று ஓடும் பழைய வகையாக இருக்கும். அறை 27-லேயே தங்கிவிட்டால், ரிமோட்டில் 18 இருந்தாலும் 24 இருந்தாலும் கம்ப்ரசர் ஒரே மாதிரி, நிற்காமல் ஓடும். மிச்சமும் இருக்காது, குளிர்ச்சியும் இருக்காது. அவுட்டோர் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு முறைகூட கம்ப்ரசர் நிற்கவில்லை என்றால் அந்த அறைக்குச் சுற்றறிக்கை உதவாது. மெஷினையோ அறையையோதான் சரிசெய்ய வேண்டும்.

எதைச் சரிசெய்வது என்பதற்கு இரண்டே அளவுகள் போதும். இண்டோர் மேலே இழுக்கும் காற்றின் வெப்பநிலை, கீழே தள்ளும் காற்றின் வெப்பநிலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. அவுட்டோர் வயரில் டாங் டெஸ்டர் காட்டும் ஆம்பியர் மற்றொன்று. கம்ப்ரசர் 15 நிமிடம் தொடர்ந்து ஓடியபின் எடுக்க வேண்டும். வித்தியாசம் 8-லிருந்து 12 டிகிரி இருந்தால் நலம். ஒன்றரை டன் பழைய மெஷினில் ஆம்பியர் 7, 8 இருக்கும்; சரியான எண் மெஷினின் பெயர்த்தகட்டில் உண்டு. வித்தியாசமும் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால் கேஸ் குறைந்திருக்கிறது. வித்தியாசம் குறைவு, ஆம்பியர் அதிகம் என்றால் அவுட்டோர் காயில் அடைத்திருக்கிறது அல்லது அதன் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. வித்தியாசம் 14-க்கு மேல் போய், காற்றே வராமல் இருந்தால் ஃபில்டரோ புளோயரோ அடைப்பு. விட்டுவைத்தால் காயிலில் ஐஸ் கட்டும், பிறகு தண்ணீர் சொட்டும். கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறினால் ரன் கெப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள், அது பலவீனமானதால் கம்ப்ரசரையே மாற்றச் சொன்ன கதைகள் ஏராளம்.

34 மெஷினுக்கும் இந்த இரண்டு எண்களை எடுக்க ஒருவருக்கு இரண்டு நாள் வேலை. அந்தப் பட்டியல் கையில் இருந்தால் ஒப்பந்ததாரரோடு பேசும் தொனியே மாறிவிடும்.

சர்வீஸ் என்ற பெயரில்

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இத்தனை டிரை சர்வீஸ் (தூசி தட்டுவது), இத்தனை வெட் சர்வீஸ் (தண்ணீர் அடித்துக் கழுவுவது) என்று இருக்கும். வருகிறவர் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார். ஃபில்டரை உங்கள் அலுவலக உதவியாளரே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவலாம். அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. ஒப்பந்ததாரர் செய்ய வேண்டியது, யாரும் எட்டிப் பார்க்காத இரண்டு இடங்கள்.

ஒன்று, இண்டோருக்குள் இருக்கும் உருளை வடிவ புளோயர். டார்ச் அடித்து காற்று வரும் வாயைப் பாருங்கள். அதன் இதழ்களில் கறுப்பாக, பஞ்சுபோல் அழுக்கு ஒட்டியிருக்கும். இதழின் குழிவு நிரம்பிவிட்டால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றைத் தள்ளாது. ஃபில்டர் பளிச்சென்று இருக்கும், காற்று மட்டும் வராது.

இரண்டாவது அவுட்டோர் காயில். சாலையோரக் கட்டடத்தில் ஆறே மாதத்தில் தூசியும் புகையும் கம்பளிபோல் படிந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்து, மேல்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். கார் கழுவும் வேகத்தில் அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைபடும். அமிலம் கலந்த கிளீனர் வேண்டாம். முதல் நாள் பளபளக்கும், பிறகு தகடு பொடிந்து உதிரும்.

கோடைதோறும் 'கேஸ் டாப்-அப்' என்று பில் போடுகிறார்களா? ஏசியில் கேஸ் செலவாகும் பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பார்த்து, ஓட்டையை அடைத்து, வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுத்து, பெயர்த்தகட்டில் உள்ள எடைக்குத் தராசு வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். இவை எல்லாவற்றையும் செய்ததாக எழுதித் தந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு வெட் சர்வீஸுக்கும் முன்னும் பின்னும் அந்த இரண்டு எண்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இன்னொரு வரி.

அவுட்டோர்கள் எங்கே இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. பல அரசுக் கட்டடங்களில் கழிவறைக் குழாய்கள் இறங்கும் குறுகிய சந்தில் மூன்று மாடிக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருப்பார்கள். கீழ் மெஷின் தள்ளும் அனல் மேல் மெஷின் வாய்க்குள் போகும். வெளியே 38 டிகிரி இருக்கும்போது மேல்மாடி அவுட்டோர் 46, 47 டிகிரிக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். வெப்பத்தை வெளியேற்றும் பக்கத்தில் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் கூடுதலாகும். ரிமோட்டில் மிச்சம் பிடிப்பதை இங்கே தொலைக்கிறோம். அவுட்டோரின் பின்பக்கம் தெர்மாமீட்டரைப் பிடித்தால் தெரிந்துவிடும். சந்தில் இருப்பவற்றில் மேலே உள்ள சிலவற்றை மொட்டை மாடிக்கு ஏற்றினாலே எல்லாவற்றுக்கும் மூச்சு கிடைக்கும். திருட்டுப் பயத்தில் செய்த நெருக்கமான கம்பிக் கூண்டு, முன்னால் அடுக்கிய உடைந்த நாற்காலிகள் இவற்றையும் அகற்றுங்கள். பின்னால் ஒரு சாண், முன்னால் மூன்றடி வெற்றிடம் வேண்டும். செப்புக் குழாய்மேல் இருக்கும் கறுப்பு நுரை உறையை அணில் கடித்திருந்தால் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு நூறு ரூபாய்க்குள் முடியும்.

வெயில், கதவு, விசிறி

மேற்குப் பார்த்த ஜன்னல்தான் மாலை நேர எதிரி. நான்கு அடிக்கு ஐந்தடி கண்ணாடி ஜன்னலில் மாலை நான்கு மணி வெயில் நேராக விழுந்தால் 800 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வரும். அப்படி நான்கு ஜன்னல் இருந்தால் ஒரு டன் ஏசி அந்த வெயிலோடு மட்டும் மல்லுக்கட்டுகிறது. உள்ளே திரை போட்டால் கண்கூச்சம் போகும், வெப்பம் கொஞ்சம்தான் குறையும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சூடாகி அறைக்குள்தான் இறங்கும். வெளிப்பக்கம் தடுப்பதே தடுப்பு. நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல் வலையை, 75 சதவீதம் நிழல் தருவதாக, ஜன்னலுக்கு ஓரடி தள்ளிக் கம்பிச் சட்டத்தில் கட்டலாம். அழகு இல்லை என்று யாராவது சொன்னால் அலுமினிய லூவர் போட மதிப்பீடு கேளுங்கள். அது வரும்வரை வலை இருக்கட்டும்.

மேல்மாடிக்கு மொட்டை மாடித் தளம். மே மாத மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். மாலை ஏழு வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டோட்டின் இணைப்புகளில் விரிசல் இருந்தால் முதலில் அதை அடைத்து, பிறகு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட். பணம் இல்லையென்றால் சுண்ணாம்பே போதும், ஆனால் மழைக்குப் பின் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் தூசி படிந்தால் பாதி வேலைதான் செய்யும். பங்குனியில் ஒரு முறை கழுவிவிடுங்கள். இது பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவு வழியாகப் போக வேண்டிய வேலை என்பதால் இப்போதே கடிதம் வைப்பது நல்லது.

கதவிடுக்கு சோதிக்க ஊதுபத்தி போதும். ஏசி ஓடும்போது கதவின் அடியிலும் ஜன்னல் சட்டத்திலும் பிடியுங்கள். புகை எங்கே ஓடுகிறதோ அங்கே காற்று போகிறது. கழிவறைப் பக்கம் மறந்துபோய் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, ஒரு அறையின் குளிர்காற்றை முழுக்க உறிஞ்சிவிடும். பொதுமக்கள் வந்து போகும் கவுன்ட்டர் அறையில் கதவை மூடச் சொல்லிப் பலகை வைப்பதால் பயன் இல்லை. காத்திருக்கும் இடத்தை ஏசியிலிருந்து விலக்கி, நல்ல விசிறிகள் போட்டு, கவுன்ட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் ஏசி வைப்பதுதான் நடைமுறையில் நிற்கும். எல்லா இடுக்கையும் அடைத்தபின் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருப்பதையே சுழற்றும். காலை 9.30-லிருந்து 10 வரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பெருக்கித் துடைப்பதும் அப்போதே முடியட்டும். ஏசியைப் போட்டு ஜன்னலைத் திறந்து பெருக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

இனி விசிறி. ஏசி போட்ட அறையில் ஃபேன் போடக் கூடாது என்று யார் சொல்லித் தந்தார்களோ, அது ஒரு தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடல்மேல் காற்று படும்போது 26, 27 டிகிரியும் 24 போலத்தான் இருக்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கத்தில். ஆறு ஃபேன் ஓடினாலும் 180 வாட். பக்கத்தில் ஏசி 1,600. ரிமோட்டில் 26, ஃபேன் நடுத்தர வேகத்தில். கடைசி மேசைக்கும் காற்று போகும் என்பதால் பூசல் அடங்கும். காகிதம் பறக்கும் என்பார்கள். பேப்பர் வெயிட் வாங்கிக் கொடுங்கள், ஏசியை விட மலிவு. ஜப்பான் அரசு 2005-ல் கோடையில் அலுவலகங்களை 28-ல் வைக்கச் சொன்னபோது கோட்டையும் டையையும் கழற்றச் சொல்லி ஆரம்பித்தது. நம் ஊரில் கழற்ற கோட் இல்லை. அதிகாரி அறையிலிருந்து ஆரம்பிக்கலாம். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடும் அறையே 18-ல் ஓடினால் பிரிவுகளில் யார் கேட்பார்கள்?

மாலை 5.15-க்குக் கம்ப்ரசரை நிறுத்திவிடலாம்; மீதி அரை மணி நேரம் ஃபேன் போதும். ரிமோட்டில் அணைத்தபின் ஐந்து நிமிடம் கழித்து சுவரில் உள்ள எம்.சி.பி. சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஏனென்றால் ஸ்டெபிலைசர் சும்மா இருந்தாலும் ஒன்றுக்கு 15, 20 வாட் இழுக்கும். சர்வர் ரூம் நீங்கலாக 32-க்கும் சேர்த்தால் இரவெல்லாம் அரை கிலோவாட்டுக்கு மேல். மாடிக்கு ஒருவரின் பெயரைப் பணி ஒதுக்கீட்டில் எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் பொது என்றால் யாருக்கும் இல்லை.

வாங்கும்போது

ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆணை கொடுக்காதீர்கள். அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இறுக்கப்படுகிறது. முத்திரையில் அது எந்தக் காலத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும். 2015-ல் வாங்கிய 5 ஸ்டார் இன்றைய 5 ஸ்டார் அல்ல. விவரக்குறிப்பில் ஐ.எஸ்.இ.இ.ஆர். (ஒரு பருவம் முழுக்க, செலவாகும் மின்சாரத்துக்கு எத்தனை மடங்கு குளிர்ச்சி என்ற எண்) 5-க்குக் குறையக் கூடாது, குளிரூட்டும் திறன் வாட்டில் இவ்வளவு, செப்புக் காயில் என்று எழுதுங்கள். முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேரத்துக்கானது. இரண்டு மாடலை ஒப்பிட உதவும். உங்கள் பில்லை ஊகிக்க உதவாது. மின்னழுத்த வரம்பு அகலமாக உள்ள மாடல் என்றால் ஸ்டெபிலைசரே வேண்டாம். உங்கள் கட்டடத்தில் வோல்டேஜ் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று ஒரு வாரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாதி யூனிட் குறையும் என்று சொல்லி பிளக்கில் மாட்டும் 'பவர் சேவர்' டப்பாவை விற்க வருவார்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், மீட்டரில் யூனிட் குறையாது. தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கழற்றும் பழைய மெஷின்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 'இன்னும் ஓடுகிறதே' என்று அவற்றை ஏசி இல்லாத ஓர் அறையில் மாட்டிவிடுவார்கள். ஐந்து புது மெஷின் வாங்கியபின் மொத்தம் 39 ஆகியிருக்கும், பில் ஏறியிருக்கும். கொள்முதல் ஆணையிலேயே பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையைச் சேருங்கள். முடியாவிட்டால் கழிவு நீக்கக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே பட்டியலில் ஏற்றுங்கள். பழைய மெஷினில் உள்ள கேஸை (பெரும்பாலும் ஆர்22 என்ற வகை) காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் மீட்டு எடுக்க வேண்டும் என்பதையும் ஆணையில் எழுதுங்கள்.

சர்வர் ரூமுக்கென்று தனியாக ஒரு சிங்கிள் ஃபேஸ் சப்-மீட்டர் போடச் சொல்லுங்கள், புது மெஷின் வருவதற்கு ஒரு மாதம் முன்பே. பழைய மெஷினின் ஒரு மாத யூனிட், புதியதன் ஒரு மாத யூனிட், வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையிலான ரீடிங், 34 மெஷினின் இரண்டு எண்கள் கொண்ட பட்டியல் ஆகியவற்றை ஒரே தாளில் சேர்த்து, பொதுப்பணித் துறை மின் பிரிவின் உதவிப் பொறியாளருக்கு ஒரு நகலும் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக் கோரிக்கையோடு ஒரு நகலும் வையுங்கள். அதில் எந்த அறைக்கு அடுத்த மெஷின் என்பதை ஓடும் மணி நேர வரிசையில் எழுதிவிட்டால், ஒதுக்கீடு வரும்போது யார் அறைக்கு முதலில் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.